இறக்காத சரக்கு

கொட்டாஞ்சேனைக்காரனிடம் கடல் எங்கே என்று கேட்டால் கிரேனைக் காட்டுவான். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெரிவது அதுதான். வரிசைக்கு நிற்கும் துறைமுகக் கிரேன்கள், அவற்றுக்கிடையே அடுக்கிய கொன்டெய்னர்கள், கொஞ்சம் திரும்பினால் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம். கடல் இவற்றுக்கு அப்பால் இருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. காற்று மாறும் நாட்களில் உப்பும் டீசலும் கலந்த ஒரு மணம் வந்து அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும். வெள்ளவத்தைக்காரர் கொடுத்துவைத்தவர்கள் என்று சின்ன வயதில் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதைதான். எங்களுக்கு நடுவில் ஒரு துறைமுகமே இருக்கிறது.

அந்தத் துறைமுகம்தான் 27 வருடம் எனக்குச் சோறு போட்டது. வார்ஃப் கிளார்க் வேலை. பில் ஒஃப் லேடிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்து டெலிவரி ஓர்டர் வாங்குவது, கஸ்டெக் என்ற சுங்கப் பத்திரம் போடுவது, வரிசையில் நிற்பது, கெஞ்சுவது, வெருட்டுவது, கடைசியில் பெட்டியை வெளியே எடுப்பது. நாள் தப்பினால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். என் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் மனைவியின் பெயராக இருக்காது, டெமரேஜாகத்தான் இருக்கும். எந்தக் கப்பலின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று மனிஃபெஸ்ட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கப்பலின் அடிப்பாகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. 53 வயதில் வேலையை விட்ட பிறகுதான் அதைப் பார்த்தேன். அதுவும் கப்பல் கடலின் அடியில் இருக்கும்போது.

தொடக்கம் சிங்கப்பூரில். மகளைப் பார்க்கப் போயிருந்தேன். மருமகனுக்குச் சுழியோடும் பைத்தியம். அவர் என்னைச் சன்டெக் மண்டபத்துக்கு அழைத்துப்போனார், ஏடெக்ஸ் என்று சுருக்கிச் சொல்லப்படும் ஆசிய டைவ் கண்காட்சிக்கு. 1995இல் தொடங்கியது, சுழியோடிகளுக்கு அது ஒரு திருவிழா. ஒருபக்கம் கண்ணாடி, துடுப்புக்கால், காற்றுச் சிலிண்டர், மணிக்கூடு போல் கையில் கட்டும் கணினி. இன்னொரு பக்கம் பயணம் விற்பவர்கள்: மாலைதீவு, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் ராஜா அம்பாட். நல்லூர்த் திருவிழாக் கடைகளைப் போல்தான். வாங்க வந்தவர்களைவிடத் தொட்டுப் பார்க்க வந்தவர்கள் அதிகம்.

நான் நின்றது ஒரு படத்துக்கு முன்னால். பசிபிக்கில் சூக் தீவுகள், பழைய பெயர் ட்ரக் லகூன். 1944 பெப்ரவரியில் அமெரிக்க விமானங்கள் இரண்டே நாளில் அங்கே நின்ற ஜப்பானியக் கப்பல்களைக் குவியல் குவியலாக மூழ்கடித்தன. அவற்றில் ஒன்றின் சரக்கறைக்குள் போர்விமானங்கள் அப்படியே கிடக்கின்றன. இன்னொன்றின் மேல்தட்டில் தாங்கிகள். உலகத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் காசு கட்டி அதைப் பார்க்கப் போகிறார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றே: எழுபது, எண்பது வருடமாக இறக்காத சரக்கு. கடையில் நின்ற பையன் எந்த ஊர் என்று கேட்டான். கொழும்பு என்றேன். “அப்படியானால் உங்களிடம்தான் ஹேர்மிஸ் இருக்கிறதே!” என்றான். எனக்கு விளங்கவில்லை. மருமகன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹேர்மிஸ், விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகத்தின் முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 307 பேர் போனார்கள். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடப்பதால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். என்னைப் போன்றவர்கள் கும்பிட்டுவிட்டு இருக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு நாலு நாள் முன்னால், ஏப்ரல் 5ஆம் திகதி, அதே விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் பறந்தன. உயிர்த்த ஞாயிறு. துறைமுகத்துக்குள் ஹெக்டர் என்ற கப்பல் எரிந்து அமிழ்ந்தது, டெனிடொஸ் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. அப்பாச்சி அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கப்பலைச் சொல்லமாட்டா. அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினதைத்தான் சொல்லுவா. கொட்டாஞ்சேனையில் உயிர்த்த ஞாயிறு இரண்டு முறை வெடித்திருக்கிறது. இரண்டாவதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் தேடித் தேடிப் படித்தேன். இலங்கையின் மூழ்கிய கப்பல்களைப் பற்றி தர்ஷன ஜயவர்தன ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு, அவரே சுழியோடி. அந்த வாசிப்பில் என்னைப் பிடித்துக்கொண்டது 1917ஆம் ஆண்டு. எம்டனைத் தெரியாத தமிழன் இல்லை. 1914இல் சென்னைக்குக் குண்டு போட்டுவிட்டு, நம் மொழிக்கு ஒரு சொல்லையும் தந்துவிட்டுப் போன கப்பல். ‘ஆள் சரியான எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஆனால் வுல்ஃப் என்ற ஜெர்மன் கப்பலை யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான எம்டன். சாதாரணச் சரக்குக் கப்பல் வேடம். உள்ளே நானூற்றுக்கும் மேற்பட்ட கடற்கண்ணிகள், போதாததற்கு ஒரு குட்டிக் கடல்விமானம். எந்தத் துறைமுகத்திலும் கால் வைக்காமல் 451 நாள் சுற்றியது. 1917 பெப்ரவரி நடுவில் ஓர் இரவு கொழும்புக்கு எதிரே வந்து, விளக்குகளைப் பார்த்தபடி கண்ணிகளை விதைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டது. 17ஆம் திகதி வூஸ்டர்ஷயர் என்ற கப்பல் மாட்டியது. 21ஆம் திகதி பேர்சியஸ். இரண்டும் கொழும்புக்கு வெளியே இன்றும் கிடக்கின்றன. நூறு வருடத்துக்கு மேலான டெமரேஜ். இனி எந்தக் கொம்பனியும் கட்டிமுடிக்காது.

இவை தவிர நேற்றைய கப்பல்களும் உண்டு. 2009இல் மூழ்கிய மாலைதீவுச் சரக்குக் கப்பல் மெதுஃபாரு. வழக்கில் மாட்டி வருடக் கணக்கில் நங்கூரத்தில் நின்று, 2012இல் பாணந்துறைக்கு எதிரே இரும்புச் சரக்கோடு அமிழ்ந்த தெர்மோபிலி சியெரா. சுழியோடிகள் ‘கார்க் கப்பல்’ என்று சொல்லும் சீஃப் ட்ராகன். பெயருக்கேற்ப அதைச் சுற்றிக் கார் எலும்புக்கூடுகள். ட்ரக் லகூனுக்குப் போக நாலு விமானம் மாற வேண்டியிருக்கலாம். இவற்றைப் பார்க்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு 101ஆம் நம்பர் பஸ்.

கல்கிசையில் பயிற்சி. என்னைப் பொறுப்பெடுத்தவன் முப்பது வயதுச் சிங்களப் பொடியன். முதல் நாள் “அங்கிள்” என்றான், இரண்டாம் நாள் “மச்சங்” ஆகிவிட்டேன். புத்தகம் ஆங்கிலம், விளக்கம் சிங்களம், பயம் மட்டும் தமிழில். முதலில் நீச்சல் பரீட்சை: நிற்காமல் 200 மீற்றர், பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். சுகததாச நீச்சல் தடாகத்தில் மூன்று மாதம் அடித்துப் பழகியதால் தப்பினேன். பிறகு தண்ணீருக்குள் முழந்தாளிட்டு இருந்துகொண்டு, முகக் கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் வித்தை. ஒன்பது தடவை தோற்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஊதினால் காது ‘டிக்’ என்று விடும். அப்படி ஒவ்வொரு மீற்றருக்கும் விட்டுக்கொண்டே இறங்க வேண்டும். தடிமன் பிடித்தவன் இறங்கக் கூடாது. மற்றப்படி ஒரே ஒரு சட்டம்தான்: மூச்சைப் பிடிக்காதே. கீழே இழுத்த காற்று மேலே வர வர விரியும். பிடித்துவைத்தால் நுரையீரல் கிழியும்.

கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. கடல்மட்டத்தில் ஒரு பங்கு அழுத்தம். பத்து மீற்றருக்கு ஒரு பங்கு கூடும். முப்பது மீற்றரில் நாலு பங்கு. சிலிண்டர் 12 லீற்றர், 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,400 லீற்றர் காற்று. மேலே இருக்கும்போது நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கும் மனிதன் முப்பது மீற்றரில் 80 லீற்றர் இழுப்பான். ஆகவே முப்பது நிமிடம். ஆனால் 50 பாரை மிச்சம் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும்; அது 600 லீற்றர். மிச்சம் 1,800, இருபத்திரண்டு நிமிடம். பயந்தவன் இரண்டு மடங்கு இழுப்பான், அவனுக்குப் பதினொன்று. இதை நான் கொப்பியில் எழுதிக் காட்டியபோது பொடியன் சிரித்தான். முதல் கப்பலில் எனக்குக் கிடைத்தது பதின்மூன்று நிமிடம்.

அந்தக் கப்பல் மெதுஃபாரு. ஆரம்பச் சான்றிதழோடு 18 மீற்றர் வரைதான் விடுவார்கள், அடுத்த படி படித்தால் 30. இரண்டையும் முடித்துக்கொண்டு தை மாதத்தில் போனோம். மேற்குக் கரையில் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைதான் காலம். பிறகு தென்மேற்குக் காற்று கடலைக் கலக்கிவிடும். காலை ஆறரைக்குக் கல்கிசைக் கரையிலிருந்து ஃபைபர் படகில் வெளிக்கிட்டோம். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முதல் பத்து மீற்றரும் பச்சை நிறப் பால். பிறகு யாரோ திரையை விலக்கியதுபோல் தெளிந்தது. கீழே ஏதோ கறுப்பாக இருந்தது. அது நிழல் என்று நினைத்தேன். நிழலுக்குக் கைபிடிக் கம்பி இருந்தது.

கப்பல் நிமிர்ந்து நிற்கிறது. அதுதான் என்னைக் குழப்பியது. மூழ்கிய கப்பல் சரிந்து, உடைந்து, பாவமாகக் கிடக்கும் என்று எதிர்பார்த்தவன் நான். இது பெர்த் கிடைத்து நிற்கிற மாதிரி நின்றது. ஓர் இரும்பு ஏணியின் அருகே போனேன். ஒவ்வொரு படியிலும் சிப்பி, சிப்பிக்கு மேல் பஞ்சுபோல ஏதோ பாசி, அதற்குள் நகத்தளவு ஒரு நண்டு. மூன்றாவது படிக்குக் கீழே இறக்கைகளை விசிறிபோல் விரித்துக்கொண்டு ஒரு லயன்ஃபிஷ் தலைகீழாகத் தொங்கியது. முள்ளில் நஞ்சு, ஆகவே அதற்கு அவசரமில்லை. ஓர் ஓட்டையிலிருந்து அஞ்சாலை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது கடிக்கப் பார்ப்பதல்ல, மூச்சு விடுகிறது. மேலே பாரைக் கூட்டம் ஒன்று திரும்பியபோது முழுக் கூட்டமும் ஒரே தகடாக மின்னியது. துருவில் உரசி என் விரல் வெட்டுப்பட்டிருந்தது. இரத்தம் பச்சையாக வந்தது. ஆழத்தில் சிவப்புதான் முதலில் அழியும் என்று படித்திருந்தேன். படித்திருந்தும் ஒரு கணம் நான் வேறு ஏதோ பிராணியாக மாறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது வெட்கக்கேடு. முப்பது மீற்றரில் நைதரசன் தலைக்கேறும், இரண்டு கிளாஸ் சாராயம் அடித்த மாதிரி. திறந்திருந்த சரக்கறையைப் பார்த்ததும் பெட்டி நம்பரைக் குறிக்கவேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. சட்டைப்பையில் பேனையைத் தேடினேன். சட்டையே இல்லை. பொடியன் என் கையைப் பிடித்து அழுத்தமானியைக் காட்டினான், 70 பார். கட்டைவிரலை மேலே காட்டினான். தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் ‘நல்லது’ என்று அர்த்தமில்லை, ‘வெளிக்கிடு’ என்று அர்த்தம். ஐந்து மீற்றரில் கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடம் தொங்கினோம். இரத்தத்தில் கரைந்த நைதரசன் மெதுவாகக் கழிய வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்த கதை, இரத்தத்துக்குள்ளேயே குமிழி கட்டும். முடிந்த கையோடு 18 மணித்தியாலத்துக்கு விமானம் ஏறக்கூடாது. நம் ஆட்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அன்றைக்கே நுவரெலியாவுக்குக் காரில் ஏறுவதும் அதே பிழைதான். அதுவும் 1,868 மீற்றர்.

படகில் ஏறி உட்கார்ந்து கரையைப் பார்த்தேன். 53 வருடத்தில் முதல் தடவை கொழும்பைக் கடல் பக்கமிருந்து பார்க்கிறேன். தாமரைக் கோபுரம் தெரிந்தது. லூசியாள் குவிமாடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. படகோட்டி சொன்னான், முந்தி மீன்பிடிகாரர் கோவில் கோபுரத்தையும் இன்னொரு அடையாளத்தையும் நேர்பிடித்துத்தான் கடலுக்கடியில் கல்லு எங்கே, கப்பல் எங்கே என்று குறித்தார்களாம். வலை மாட்டிக் கிழிந்த இடத்தை எந்த மீனவனும் மறக்கமாட்டான். மூழ்கிய கப்பல்களைச் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவதெல்லாம் பாதி உண்மைதான். பெரும்பாலானவற்றை முதலில் கண்டுபிடித்தது கிழிந்த வலை.

வடக்கே கையைக் காட்டி அவன் சொன்ன இன்னொரு கப்பலை எனக்கு நன்றாகத் தெரியும். 2021 மே 20ஆம் திகதி எக்ஸ்-பிரெஸ் பேர்ள் தீப்பிடித்தது. மொட்டை மாடிக்கு ஏறினால் வடமேற்கே கறுப்பாகப் புகை. 1,486 கொன்டெய்னர்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். ஜூன் 2ஆம் திகதி நீர்கொழும்புப் பக்கம் அடியில் போய் உட்கார்ந்தது. வாழ்க்கையில் எத்தனையோ மனிஃபெஸ்ட் படித்திருக்கிறேன், சரக்கு தானாக வந்து கரை இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். கடற்கரை முழுக்க ஜவ்வரிசி கொட்டினது போல. செத்த ஆமைகளும் வந்தன. முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்பு வரை மீனவர் வீட்டில் உலை வைப்பதே கஷ்டமாயிற்று. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. மணிகள் இன்றும் மணலுக்குள் இருக்கின்றன. கப்பல் மூழ்கினால் மீனுக்கு வீடு என்று எழுதும் பயணக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு இந்த ஜவ்வரிசிதான் ஞாபகம் வரும்.

ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கண்காட்சியிலும் சரி, கல்கிசையிலும் சரி, இதை ‘டைவிங்’ என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகை ‘ஸ்கூபா’ என்கிறது. எங்களுக்குச் சுழியோடி என்ற சொல் எப்போதுமே இருந்தது. கிணற்றில் வாளி விழுந்தால் கூப்பிடும் ஆளும் சுழியோடிதான், கடற்படையில் இருப்பவனும் சுழியோடிதான். இந்தத் தீவுக்கு வந்த சுழியோடும் பயணிகளில் பழையவர்கள் மன்னாருக்கு வந்தவர்கள். சிலாபத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி. முத்துக்குளிப்பு அறிவித்தால் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆட்கள் வந்து, வெறும் மணலில் ஒரு பட்டணமே எழும்பும். கடலடியில் சிப்பி விளையும் இடத்துக்குப் ‘பார்’ என்று பெயர். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்று வெள்ளைக்காரன் வரைந்த வரைபடத்திலும் அந்தத் தமிழ்ப் பெயர்கள்தான். காலுக்கு ஒரு கல், அதில் ஒரு கயிறு. கல்லோடு இறங்கி, கல்லை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் ஒன்றேகால் நிமிடத்துக்குள் கூடையை நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும். அரபுக்காரர் மூக்குக்குக் கொம்பில் செய்த கவ்வி போட்டார்கள். நம்மவர்கள் விரலால் பொத்திக்கொண்டார்கள், நான் காது விடுவதற்குச் செய்கிற அதே வேலை. சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டி கரையில் நின்றால்தான் இறங்குவார்கள். அரசாங்கமே அவனுக்குச் சம்பளம் கொடுத்தது. சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு சுழியோடிக்கு, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. 1905இல் மட்டும் அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபா அளவுக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் மறிச்சுக்கட்டி முகாமில் வேலை பார்த்த வெள்ளைக்கார உத்தியோகத்தர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். பின்னால் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் ஆனவர். அதே வருடம் ஒரு லண்டன் கொம்பனி 20 வருடக் குத்தகைக்கு எடுத்து, சில வருடத்திலேயே பாரைத் துடைத்துவிட்டது.

கயிறு பிடிப்பவன் யார் என்பதில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும். தன் சகோதரி தாலி அறுப்பதை அவன் விரும்பமாட்டான் அல்லவா? நவீனச் சுழியோடலில் ‘படி’ (buddy) முறை என்று ஒன்று படிப்பிக்கிறார்கள், இறங்கினால் சோடியாகத்தான் இறங்க வேண்டும் என்று. அந்தப் பாடத்தில் பொடியன் என்னை “மச்சங்” என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் சொன்னேன். அவன் தன் தாயிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். தங்கச்சி ஒருத்தி இருக்கிறாளாம்.

வைகாசியில் திருகோணமலைக்குப் போனேன். மேற்கு மூடும்போது கிழக்கு திறக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை அங்கே கடல் கண்ணாடி. கோட்டையிலிருந்து இரவு ரயில். நிலாவெளிக்கு முன்னால் புறாமலையில் குட்டிச் சுறாக்களைப் பார்த்தேன், முருகைக்கற்கள் பல இடங்களில் வெளுத்துப்போய் எலும்பு மாதிரி. அங்கே இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. துடுப்புக்காலோடு கல்லின் மேல் ஏறி நின்று படமெடுக்கும் கூட்டம் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டிருந்தது. நான் போனது கோணேசருக்காக.

சுவாமி மலையின் அடியில் இறங்கினால், உருண்ட பாறைகளுக்கு நடுவில் உருளாத கற்கள் சில கிடக்கின்றன. ஒரு விளிம்பு நேராக இருக்கிறது. ஒரு தூண் முறிந்து கிடக்கிறது. 1620களில் போர்த்துக்கீசர் இடித்துக் கடலில் தள்ளிய கோவில். சம்பந்தர் பாடிய தலம். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தார். அந்த வருடமே கூட்டாளி மைக் வில்சனோடு இங்கே இறங்கினார், கொழும்புச் சுழியோடி ரொட்னி ஜொங்க்லாஸ் அவர்களுக்கு வழிகாட்டி. 1957இல் வந்த ‘தி ரீஃப்ஸ் ஒஃப் டப்ரொபேன்’ புத்தகத்தில் இந்த இடிபாடு வருகிறது. வில்சனுக்குக் கை ராசி. 1961இல் தெற்கே பெரிய பாஸ் பாறையில் வெள்ளிக் காசுகள் கண்டார். ஔரங்கசீப் காலத்து, சூரத்தில் அடித்த, 1702ஆம் ஆண்டு ரூபாய்கள், மூட்டை மூட்டையாக இறுகிப்போய். அந்தக் கப்பலின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. மனிஃபெஸ்ட் இல்லாத சரக்கு. அடுத்த வருடம் அவர் ‘ரன்முத்து தூவ’ என்று படமே எடுத்தார், சிங்களத்தின் முதல் வண்ணப் படம், கடலடிக் காட்சிகளெல்லாம் திருகோணமலை.

சுவாமி மலையடியில் கிடக்கும் சரக்கின் உரிமையாளர் யார் என்பதில் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில், முறிந்த தூணுக்குப் பக்கத்தில் பாதித் தேங்காய் ஒன்று மல்லாந்து கிடந்தது. மேலிருந்து அன்று காலையில்தான் யாரோ போட்டிருக்க வேண்டும். இன்னும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சின்ன மீன் அதைக் கொத்திக்கொண்டிருந்தது.

அன்றைய படகோட்டி கிண்ணியாக்காரர், அறுபதைத் தாண்டியவர். கொழும்புப் பழக்கத்தில் “நானா” என்றேன். “இங்க காக்கா என்டுதான் சொல்லுறது” என்று திருத்தினார். ஒரு கால் இழுத்து நடந்தார். முந்தி சங்கும் கடலட்டையும் எடுத்தவர். ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர், ஐந்து சிலிண்டர். முப்பது மீற்றர் வரை இறங்கி, நிறைந்ததும் விர்ரென்று மேலே. கணினி இல்லை, ஐந்து மீற்றரில் நிற்பது பற்றி யாரும் சொன்னதுமில்லை. ஒருநாள் படகில் ஏறியபின் கால் சோர்ந்துவிட்டது. கடற்படை முகாமில் அழுத்த அறை இருக்கிறது. அங்கே கொண்டுபோகும்போது ஒன்றரை நாள் போய்விட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பஸ் தவறவிட்ட கதைபோலச் சொன்னார். அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் இரண்டாயிரம் வருடப் பழைய கப்பலை 2003இல் கண்டுபிடித்தவர்களும் இவரைப் போன்ற சங்கு குளிப்பவர்கள்தான் என்று சொன்னேன். முப்பது மீற்றருக்கு மேல் ஆழம், கண்ணாடிக் கட்டிகளும் அரைக்கல்லும் ஏற்றிவந்த கப்பல். காக்கா தலையை ஆட்டினார். “சங்கு கிடைச்சுதாமா?” என்று கேட்டார்.

என் இடுப்பு வாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈயக் கட்டிகள், மொத்தம் எட்டுக் கிலோ. “ஆரு தம்பி இவ்வளவு கட்டச் சொன்னது? கல்லோட இறங்குறவன் கல்ல கீழ விட்டிருவான். நீங்க கல்லோடயே நீந்துறீங்க, அதான் மூச்சு வாங்குது.” இரண்டு கட்டிகளைக் கழற்றிப் படகின் அடியில் போட்டார். கூட வந்திருந்த பயிற்றுநர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது இறக்கத்தில் நான் முதல் தடவையாக மிதந்தேன். கையை ஆட்டவில்லை, காலை உதறவில்லை. மூச்சை இழுத்தால் ஒரு சாண் உயர்ந்தேன், விட்டால் ஒரு சாண் இறங்கினேன். தூணுக்கு மேலே அப்படியே நின்றுகொண்டிருந்தேன். மேலே வந்தபோது கணினி 46 நிமிடம் காட்டியது, சிலிண்டரில் இன்னும் 60 பார் இருந்தது. காக்கா இயந்திரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை போடவில்லை, ஃபோன் பார்க்கவில்லை. ஏறக் கைகொடுத்தார்.

“இவ்வளவு நேரமும் என்ன செய்தீங்க காக்கா?”

“உங்கட குமிழிய எண்ணிக்கொண்டிரிந்தன், மச்சான்.”